கேலாங்கும் ‘பெண்’ என்னும் சொல்லும்: பால்நிலை, இனம், வர்க்கம், பாலியல்பு ஆகியவற்றின் குறுக்குவெட்டு – ஒரு விளக்கம்

முன்னுரை

சிங்கப்பூரின் காலாங் ஆற்றுக்கும் பாயா லேபாருக்கும் இடையே நீண்டு கிடக்கும் கேலாங் வட்டாரம் பல முகங்களைக் கொண்டது. அதன் கிழக்கு முனையில் மலாய் மக்களின் பண்பாட்டு மையமாகிய கேலாங் சிராய் அமைந்துள்ளது. பெருவிரைவு ரயில் பணிகளுக்காக ஆர்ச்சர்ட் சாலையை விட்டு அகன்று, 1993இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் கேலாங் ஈஸ்டில் உள்ளது. இவற்றுக்கு இடையே சீனர் குலச் சங்கங்கள், பௌத்த மன்றங்கள், டுரியான் கடைகள், வெளிநாட்டு ஊழியர் தங்கும் கடைவீடுகள் ஆகியவை விரவியுள்ளன. இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகள் சிலவற்றில் பாலியல் தொழில் விடுதிகளும் அதிகாரிகள் அறிந்த நிலையிலேயே இயங்கி வந்துள்ளன.

இவ்வட்டாரத்தில் ஒரே மாலைப்பொழுதில் நடமாடும் பெண்களை எண்ணிப் பார்க்கலாம்: விடுதியில் பணிபுரியும் வெளிநாட்டுப் பெண், குறுகிய கால வருகை அனுமதியில் வந்து தெருவோரம் நிற்பவர், முதலாளியின் வீட்டுக்குக் காய்கறி வாங்க வந்த இல்லப் பணிப்பெண், திருநங்கை ஒருவர், சந்தையில் கடை நடத்தும் மலாய்ப் பெண், அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் தமிழாசிரியை. இவர்கள் அனைவரையும் ‘பெண்கள்’ என ஒரே சொல்லால் சுட்டுகிறோம். ஆயினும், இவர்களுள் ஒருவர் தாக்கப்பட்டால் அச்சமின்றிக் காவல் நிலையத்துக்குச் சென்று முறையிட முடியுமா எனும் வினாவை எழுப்பினால், விடை ஆளுக்கு ஆள் மாறுகின்றது. ஒரே நகரில், ஒரே சட்டத்தின்கீழ் வாழ்வோரிடையே இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையில் ‘பால்நிலை’ என்பது ஆண், பெண் என்போருக்குச் சமூகம் வகுத்துள்ள இடத்தையும் கடமைகளையும் குறிக்கும். ‘பாலியல்பு’ என்பது உடல்சார் விருப்பம், உறவு, தாய்மை ஆகியவற்றையும் அவற்றின்மீது சமூகம் செலுத்தும் கட்டுப்பாட்டையும் குறிக்கும்.

குறுக்குவெட்டு நோக்கு

பால்நிலை, இனம், வர்க்கம் ஆகியவற்றை இணைத்துக் காணும் சிந்தனை கறுப்பினப் பெண்களின் இயக்கங்களில் முன்பே வேரூன்றியிருந்தது. அதற்குச் சட்டவியல் சார்ந்த பெயரைச் சூட்டியவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா ஆவார். 1989இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் எடுத்தாண்ட வழக்குகளுள் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்தது, 1976இல் தீர்ப்பளிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு அமர்த்தவில்லை. பின்னாளில் ஆட்குறைப்பு ஏற்பட்டபோது, இறுதியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்னும் விதி கையாளப்பட்டது. கறுப்பினப் பெண்கள் வேலையிழந்தனர். நிறுவனம் பெண்களை வேலைக்கு அமர்த்தியிருந்தது, அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தாரையும் அமர்த்தியிருந்தது, அவர்கள் ஆண்கள். எனவே பால்நிலைப் பாகுபாடு எனும் தலைப்பிலும் இனப் பாகுபாடு எனும் தலைப்பிலும் அப்பெண்களின் குறை அடங்கவில்லை. இரண்டையும் ஒன்றிணைத்து நோக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சாலைகள் சந்திக்குமிடத்தில் நிற்பவர்மீது எத்திசையிலிருந்தும் வண்டி மோதலாம். ஒரே வேளையில் பல திசைகளிலிருந்தும் மோதலாம் என்பது கிரென்ஷா கையாண்ட உவமை. இங்கு ஒரு நுட்பத்தைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பெண் என்பதற்கு ஒரு சுமை, சிறுபான்மையினர் என்பதற்கு இன்னொரு சுமை, ஏழை என்பதற்கு மற்றொன்று எனக் கூட்டிச் சொல்வது இந்நோக்கன்று. இவை ஒன்றோடொன்று வினைபுரிந்து, தனித்தனியே எதிலும் காணப்படாத புதியதொரு நிலையைத் தோற்றுவிக்கின்றன என்பதே அதன் சாரம்.

இந்தியச் சூழலிலும் இதனையொத்த வாதம் எழுந்தது. தலித் பெண்கள் வேறாகப் பேசுகின்றனர் என 1995இல் கோபால் குருவும், அதனைத் தொடர்ந்து 1998இல் ஷர்மிளா ரேகேயும் எழுதினர். தமிழில் பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகிய நூல்கள், சாதியும் வறுமையும் பால்நிலையும் ஓருடலில் எவ்வாறு கூடுகின்றன என்பதைக் கோட்பாட்டுச் சொற்களின் துணையின்றியே காட்டின.

தமிழ் மரபில் காணும் குறிப்புகள்

இந்நோக்கைத் தமிழாசிரியர்கள் முற்றிலும் அயலான ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. தொல்காப்பிய அகத்திணையியல், அடியோர்க்கும் வினைவலர்க்கும் உரிய காதலை அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளில் வைப்பதாக உரையாசிரியர்கள் விளக்குவர். பிறர் ஏவிய தொழிலைச் செய்பவருக்கு, அறம் பொருள் இன்பங்களைத் தம் விருப்பப்படி நிகழ்த்தும் உரிமை இல்லை என்பது அவர்கள் காட்டும் காரணம். வர்க்க நிலை ஒருவரின் காதலுக்கு இலக்கியத் தகுதியை வழங்கவோ மறுக்கவோ செய்கின்றது என்பதை இலக்கணமே பதிவு செய்துள்ளமை எண்ணத்தக்கது.

மருதத்திணையில் இடம்பெறும் பரத்தையும் இவ்வாறே நோக்கத்தக்கவள். அவளுக்கெனச் சில கூற்றுகள் உண்டெனினும், பெரும்பாலும் தலைவன் தலைவியிடையே எழும் ஊடலுக்குக் காரணமாகவே அவள் அறிமுகமாகிறாள். தலைவியும் பரத்தையும் பெண்களே. ஆனால் ஒருத்தியின் பாலியல்பு கற்பு எனவும், மற்றவளது பாலியல்பு பழி எனவும் பெயர் பெறுகின்றது. மணிமேகலை, தான் பிறந்த குலத்துக்கு விதிக்கப்பட்ட வாழ்வை மறுத்துத் துறவு பூணுகிறாள். பிறப்பும் பாலியல்பும் பிணைந்த கட்டிலிருந்து விடுபட அவளுக்குத் துறவே வழியாயிற்று. இப்பனுவல்களை வகுப்பறையில் பயிற்றும் நாம், ‘சங்ககாலப் பெண்’ என ஒருமையில் பேசுவது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது சிந்தனைக்குரியது.

காலனித்துவ ஆட்சியில் வகைப்படுத்தப்பட்ட உடல்கள்

காலனித்துவச் சிங்கப்பூர் ஆண்கள் மிகுந்த துறைமுக நகரம். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தோருள் பெரும்பாலோர் குடும்பமின்றி வந்த ஆண்கள் ஆவர். குறைந்த கூலிக்கு உழைக்கும் தனி ஆண்களை வேண்டிய அதே பொருளாதாரமே பாலியல் தொழிலையும் வளர்த்தது. 1870இல் நீரிணைக் குடியேற்றங்களில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், விடுதிகளைப் பதிவு செய்யவும் அங்குள்ள பெண்களை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும் வழிவகுத்தது. அங்கு வந்துபோன ஆண்களுக்கு அத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. ஒரே நோய்க்கு ஒரு பாலாரை மட்டும் பொறுப்பாக்கிய அச்சட்டம் 1880களின் இறுதியில் நீக்கப்பட்டது.

வரலாற்றறிஞர் ஜேம்ஸ் பிரான்சிஸ் வாரன் 1993இல் வெளியிட்ட ‘ஆ கூ அண்ட் கராயுக்கி-சான்’ எனும் நூல், 1870 முதல் 1940 வரையிலான சிங்கப்பூரின் பாலியல் தொழிலாளர் வாழ்வை ஆராய்கின்றது. அவருக்குப் பெரிதும் துணைநின்றவை மரண விசாரணைப் பதிவேடுகள். தம் கையால் ஏதும் எழுதி வைக்காத அப்பெண்கள், இறந்த பிறகே ஆவணத்தில் இடம்பெற்றனர் என்பது அப்பதிவேடுகள் உணர்த்தும் கசப்பான உண்மையாகும்.

அக்காலத்தில் தெருக்களே இன வாரியாகப் பிரிந்திருந்தன. சீனப் பெண்கள் ஸ்மித் தெரு, திரெங்கானு தெரு ஆகிய பகுதிகளிலும், ஜப்பானின் கியூஷு தீவிலிருந்து வந்த வறிய பெண்கள் மலாய்த் தெரு, மலபார் தெரு, ஹைலாம் தெரு ஆகிய பகுதிகளிலும் இருந்தனர். ஜப்பானின் உலக மதிப்பு உயர்ந்தபோது, தம் நாட்டுப் பெண்கள் அயல்நாட்டில் இத்தொழிலில் இருப்பது இழுக்கெனக் கருதிய அந்நாட்டுத் துணைத்தூதரகம் 1920இல் ஜப்பானிய விடுதிகளை மூடச் செய்தது. வறுமையால் அனுப்பப்பட்ட பெண்கள், பின்னர் நாட்டின் மானத்தின் பொருட்டு அகற்றப்பட்டனர். 1930இல் ஏனைய விடுதிகளும் சட்டத்தால் மூடப்பட்டன. தொழில் மறையவில்லை, மறைவிடங்களுக்குப் பெயர்ந்தது.

அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்களின் நிலை வேறொரு வகையினது. 1920களின் பிற்பகுதியில், எளிதில் சென்றடையத்தக்க பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசாகவும் பெண்ணுக்கு 40 காசாகவும் இருந்தது. இந்தியர் என்பதால் தோட்டக்கூலி. பெண் என்பதால் அக்கூலியிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இனம் வேலையைத் தீர்மானித்தது. பால்நிலை அவ்வேலையின் விலையைத் தீர்மானித்தது.

மாதர் சாசனமும் அதன் எல்லைகளும்

1961இல் இயற்றப்பட்ட மாதர் சாசனம் சிங்கப்பூர்ப் பெண்களின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1952இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மாதர் மன்றமும், அதன் முன்னோடிகளுள் ஒருவரும் பம்பாயில் பிறந்தவருமான ஷிரின் ஃபோஸ்தாரும், சட்டமன்றத்தில் சான் சோய் சியோங் போன்றோரும் ஆற்றிய பணி இதற்குப் பின்புலமாகும். இஸ்லாமியர் அல்லாதோரிடையே ஒருதார மணத்தை இச்சாசனம் கட்டாயமாக்கியது. அதுவரை வழக்காறுகளின் பெயரால் பலதார மணம் புரியச் சீன, இந்து ஆண்களுக்கு இருந்த இடம் இதனால் ஒழிந்தது. மனைவிக்குத் தனிச் சொத்துரிமையும் பராமரிப்பு உரிமையும் உறுதியாயின. இப்பேறுகளைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

எனினும், சாசனம் எந்தப் பெண்ணைக் கருத்தில் கொண்டது எனும் வினா எழுகின்றது. திருமணம், மணவிலக்கு ஆகியவற்றில் இஸ்லாமியப் பெண்கள் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் வருகின்றனர். குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு ஆணை குடும்ப உறுப்பினர் என வரையறுக்கப்பட்டோருக்கே உரியது. அவ்வீட்டிலேயே உண்டு உறங்கும் பணிப்பெண் அவ்வரையறையில் அடங்கார். அவரைப் பாதுகாக்கத் தண்டனைச் சட்டமே கைகொடுக்கின்றது: பணிப்பெண்ணுக்கு எதிரான குற்றங்களுக்கு உச்சத் தண்டனை 1998இல் ஒன்றரை மடங்காகவும், 2020 முதல் இரு மடங்காகவும் உயர்த்தப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சமயம், இனம், மரபு, பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் குடிமக்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. பால் என்பது அப்பட்டியலில் இல்லை.

கேலாங்: ஒரு தொழில், பல சட்டநிலைகள்

மாதர் சாசனத்தின் மற்றொரு பகுதி பாலியல் தொழிலைப் பற்றியது. இங்கு நிலவும் ஏற்பாட்டைத் தெளிவாக உணர்தல் தேவை. பொருளுக்காகப் பாலுறவில் ஈடுபடுவது சிங்கப்பூரில் குற்றமன்று. விடுதி நடத்துவது, பிறரது அவ்வருவாயில் வாழ்வது, பொது இடத்தில் அழைப்பது ஆகியவையே குற்றங்கள். ஆயினும், சில விடுதிகள் இயங்க அதிகாரிகள் இடமளித்து வந்துள்ளனர். அங்குள்ள பெண்களுக்கு 1970களின் நடுப்பகுதியிலிருந்து மருத்துவக் கண்காணிப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காலமுறைச் சோதனை நோய்த்தடுப்புக்கு உதவியது என்பது உண்மை. சோதிக்கப்படுபவர் இன்றும் பெண்ணே, வாடிக்கையாளர் அல்லர் என்பதும் உண்மை. சட்டநூலில் குற்றம் எனவும், நடைமுறையில் அனுமதி எனவும் இரு நிலைகளுக்கு இடைப்பட்ட இவ்விடத்தில், பெண்ணுக்குக் கிடைப்பது சலுகையே அன்றி உரிமை அன்று.

குடிமகளுக்கும் அயல்நாட்டவருக்கும் இடையிலான வேறுபாடு இங்குதான் கூர்மையடைகின்றது. சிங்கப்பூர்க் குடிமகள் ஒருவர் இத்தொழிலில் ஈடுபடுவது, அதனளவில் குற்றமன்று. ஆனால் குடிநுழைவுச் சட்டம், பாலியல் தொழிலில் ஈடுபடுவோரை நாட்டினுள் நுழையத் தடைசெய்யப்பட்ட வகையினருள் சேர்த்துள்ளது. ஆகவே குறுகிய கால வருகை அனுமதியில் வந்து லோரோங் ஒன்றில் நிற்கும் பெண்ணை வாடிக்கையாளர் அடித்துப் பணத்தைப் பறித்தாரெனில், முறையிடச் செல்லும் அவர், தாம் பாதிக்கப்பட்டவர் என்பதைச் சொல்லும் அதே வாய்மொழியால் தாம் தங்கியிருக்கும் தகுதியையும் இழக்க நேரிடலாம். தாக்கியவர் இதனை அறிந்தே தாக்குகிறார். பெண் என்பதால் மட்டும் இந்நிலை ஏற்படவில்லை. குடிமகளுக்கு இவ்வச்சம் இல்லை. வெளிநாட்டவர் என்பதால் மட்டும் ஏற்படவில்லை. வெளிநாட்டுப் பொறியாளருக்கு இவ்வச்சம் இல்லை. பால்நிலை, குடியுரிமை, வறுமை, பாலியல் ஒழுக்கம் பற்றிய மதிப்பீடு ஆகிய நான்கும் சந்திக்கும் புள்ளியிலேயே இவ்வச்சம் பிறக்கின்றது. 2008 முதல் இயங்கிவரும் ‘புராஜெக்ட் எக்ஸ்’ எனும் அமைப்பு பாலியல் தொழிலாளர்க்கு எதிரான வன்முறையைப் பதிவு செய்வதையும், சட்ட உதவி நாட வழிகாட்டுவதையும் தன் பணியாகக் கொண்டுள்ளமைக்கு இதுவே காரணம்.

கேலாங் பற்றிய பொது உரையாடலில் இப்பெண்களின் பாதுகாப்பு அரிதாகவே பேசப்படுகின்றது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரத்தை விசாரித்த குழுவின்முன் 2014இல் சாட்சியமளித்த காவல்துறை ஆணையர், லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்கே தமக்கு மிகுந்த கவலையளிப்பதாகக் கூறினார். 2015 ஏப்ரல் முதல் இவ்விரு வட்டாரங்களும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அவ்வுரையாடலில் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆண் தொழிலாளர் பொது ஒழுங்குக்குரிய சிக்கலாகவும், கேலாங்கின் பெண்கள் ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டனர். இனமும் வர்க்கமும் ஆணை ‘அச்சுறுத்தல்’ ஆக்குகின்றன. அவையே பெண்ணை ‘அசுத்தம்’ ஆக்குகின்றன. இருவரும் மனிதர் எனும் நிலையிலிருந்து விலக்கப்படும் முறை வேறு, விலக்கம் ஒன்றே.

தாய்மையும் வர்க்கமும்

பாலியல்பு என்றவுடன் பாலியல் தொழிலை மட்டும் எண்ணுவது குறுகிய பார்வையாகும். யார் தாயாகலாம் என்பதும் அதனுள் அடங்கும். 1983ஆம் ஆண்டின் தேசிய நாள் பேரணி உரையில் பிரதமர் லீ குவான் இயூ, பட்டதாரிப் பெண்கள் மணமாகாமலும் குறைந்த பிள்ளைகளோடும் இருப்பதைப் பெருங்கவலையாக முன்வைத்தார். 1984இல் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை வழங்கும் திட்டம் வந்தது. அதே ஆண்டில், கல்வித் தகுதியும் வருவாயும் குறைந்த இளம் தாய்மார் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளுக்குப் பின் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. பள்ளி முன்னுரிமைத் திட்டம் கடும் எதிர்ப்பால் 1985இல் கைவிடப்பட்டது. ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஒரு பெண்ணை மேலும் பெறுக என்றும் மற்றொரு பெண்ணை இனிப் பெறாதே என்றும் கூறியது. கல்வி எனும் பெயரில் வர்க்கமும், வர்க்கத்தோடு பிணைந்திருந்தமையால் இனமும் இக்கொள்கைக்குள் புகுந்தன என ஜெரால்டின் ஹெங்கும் ஜனதாஸ் தேவனும் 1990களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரை வாதிட்டது.

இதே தருக்கத்தின் மறுமுனையில் இல்லப் பணிப்பெண் நிற்கிறார். 1978இல் தொடங்கிய வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டத்தின்கீழ் இன்று சுமார் 3 இலட்சம் பெண்கள் பணிபுரிகின்றனர். வேலை அனுமதிச்சீட்டின் நிபந்தனைகள்படி அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். சிங்கப்பூரில் கருவுறவோ மகவு பெறவோ கூடாது. குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க முன் அனுமதி பெறுதல் வேண்டும். வேலைவாய்ப்புச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. வாராந்தர ஓய்வுநாள் 2013 தொடக்கத்தில்தான் விதியாயிற்று. அதுவும் பணம் கொடுத்து ஈடுசெய்யக் கூடியதாக இருந்தது. மாதம் ஒரு நாளேனும் பணத்தால் ஈடுசெய்ய இயலாத ஓய்வாக இருத்தல் வேண்டும் என்பது 2023 முதல் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூர்ப் பெண்கள் வேலைக்குச் சென்று பொருளீட்டியதற்கு இப்பணிப்பெண்களின் உழைப்பு பெரிதும் துணையாயிற்று. வீட்டுவேலை ஆண் பெண் இருவருக்கும் பொதுவாகப் பகிரப்படவில்லை. ஒரு பெண்ணின் தோளிலிருந்து மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாற்றப்பட்டது. குடிமகளின் தாய்மைக்கு ஊக்கத்தொகை. அவர் பிள்ளையை வளர்க்கும் பெண்ணின் தாய்மைக்குத் தடை. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் நிகழ்கின்றன.

வீடு எனும் வரம்பு

குறுக்குவெட்டு நோக்கு விளிம்பில் உள்ளோருக்கு மட்டுமே உரியதன்று. சாதாரணக் குடும்ப வாழ்விலும் அது பயன்படும். பொது வீடமைப்பு இதற்கொரு சான்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. ஒரு புளோக்கில் குறிப்பிட்ட இனத்தாரின் விகிதம் நிறைந்தால், அவ்வினத்தைச் சாராதவர் அவ்வினத்தவருக்கு வீட்டை விற்க இயலாது. இனங்கள் பிரிந்து வாழ்வதைத் தவிர்ப்பது இதன் நோக்கம். இனி, மணவிலக்குப் பெற்ற இந்தியப் பெண்ணொருவர் தம் வீட்டை விற்று விரைவில் வேறிடம் செல்ல வேண்டியிருப்பதாகக் கொள்வோம். சீனர் விகிதம் நிறைந்த புளோக்கில் அவரால் மிகப் பெரிய வாங்குவோர் கூட்டத்துக்கு விற்க முடியாது. காலமும் விலையும் அவருக்கு எதிராக நிற்கும். இன விதி பெண்ணைப் பற்றி ஏதும் கூறவில்லை. மணவிலக்குச் சட்டம் இனத்தைப் பற்றி ஏதும் கூறவில்லை. ஆயினும் இரண்டும் அவரிடத்தில் வந்து முட்டுகின்றன. இத்தகைய இடர்ப்பாட்டில் உள்ளோரின் வீடுகளைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது, சிக்கல் இருந்தமைக்குச் சான்றாகும்.

மணமாகாதோர் பொதுவாக 35 வயதுக்குப் பின்னரே இவ்வீடுகளை வாங்க இயலும். குடும்பம் என்பது திருமணத்தின் வழியே வரையறுக்கப்படுவதால், ஒன்றாக வாழ விரும்பும் இரு பெண்கள் குடும்பமாகக் கருதப்படுவதில்லை. தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு 1938இல் சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில் அதனை நீக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. அப்பிரிவு ஆண்களை மட்டுமே சுட்டியது. பெண்களிடையே உள்ள விருப்பம் குற்றமாகக்கூடக் குறிப்பிடப்படவில்லை. இதனைச் சலுகை எனக் கொள்வதைவிடச் சட்டத்தின் பார்வைக்கே அவர்கள் புலப்படவில்லை எனக் கொள்வது பொருத்தம். தண்டனைச் சட்டத்தில் புலப்படாதவர் வீட்டுப் பட்டியலிலும் புலப்படுவதில்லை.

திருநங்கையரும் ஒரு தமிழ் மருத்துவரும்

1971இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவைச் சிகிச்சையை நிகழ்த்தியவர், யாழ்ப்பாணத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் ஆவார். சிகிச்சை பெற்றோர் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்ள 1973இல் வழியேற்பட்டது. 1991இல் நீதிமன்றமொன்று அத்தகையோரின் திருமணத்தைச் செல்லாது என அறிவிக்க, 1996இல் மாதர் சாசனமே திருத்தப்பட்டு அவர்களது மணவுரிமை ஏற்கப்பட்டது. ஆசியாவில் இது முன்னோடியான நிலைப்பாடு எனலாம்.

ஆயின், மணவுரிமை கிட்டியோருக்கு வேலை கிட்டியதா? 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, குடியுரிமை, பால், மணநிலை, கருவுற்றிருத்தல், இனம், சமயம், மொழி, உடற்குறை உள்ளிட்டவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. பாலியல் நாட்டமும் பால் அடையாளமும் அதில் இடம்பெறவில்லை. பழைய பூகிஸ் தெரு, லிட்டில் இந்தியாவின் டெஸ்கர் ரோடு, கேலாங் எனத் திருநங்கையர் தொழில் தேடிச் சென்ற தெருக்களின் வரலாற்றை, ஏனைய வாயில்கள் மூடியிருந்ததோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். செல்வமும் கல்வியும் உடைய திருநங்கை அறுவைச் சிகிச்சை செய்து, அட்டையை மாற்றி, சட்டத்தின் கண்ணில் பெண்ணாகலாம். வறியவர்க்கு அவ்வழி நெடுந்தொலைவு. பாலடையாளத்தின் சட்ட ஏற்புக்கூட வர்க்கத்தைப் பொறுத்தே அமைகின்றது.

நம்மவர் எனும் நிலை

சிறுபான்மையினரான தமிழர், இனப் பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது பாதிக்கப்பட்டோர் பக்கத்தில் நம்மை வைத்துக்கொள்வது வழக்கம். குறுக்குவெட்டு நோக்கு இவ்வசதியைக் குலைக்கின்றது. 2016 ஜூலையில் சிங்கப்பூரில் 24 வயது மியன்மார்ப் பணிப்பெண் ஒருவர், முதலாளியின் தொடர்ந்த சித்திரவதையால் உயிரிழந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது 39 கிலோவாக இருந்த அவர் உடல் எடை இறக்கும்போது 24 கிலோ. 2021 ஜூனில் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற முதலாளி ஒரு பெண், தமிழர், தாய். சீனர் பெரும்பான்மையான நாட்டில் சிறுபான்மையினராகவும், குடும்பத்தில் பெண்ணாகவும் இருப்பவர், தம் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் குடியுரிமையாலும் பொருளாலும் முழு அதிகாரம் உடையவராக முடிகின்றது. ஒடுக்கப்படுவதும் ஒடுக்குவதும் ஒருவரிடமே கூடி நிற்கலாம்.

மற்றொரு வழக்கையும் நோக்கலாம். 2014ஆம் ஆண்டின் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் உழைப்புச் சுரண்டலுக்கான முதல் தண்டனை, கேளிக்கை விடுதிகளில் ஆட வங்காளதேசப் பெண்களை அழைத்துவந்த இந்தியத் தம்பதிக்கு வழங்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் இருவருக்கும் ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சுரண்டியோரும் தெற்காசியர், சுரண்டப்பட்டோரும் தெற்காசியர். ‘நம் இனம்’ என்பது காப்பாகவில்லை. சிங்கப்பூரைப் பற்றிப் பேசுவதால் மலேசியாவில் உள்ள நாம் இதிலிருந்து விடுபட்டவராகோம். நம் இல்லங்களிலும் உணவகங்களிலும் உழைக்கும் அயல்நாட்டுப் பெண்களை நோக்கி இதே வினா திரும்பும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பெண்களின் வாழ்வைப் பால்நிலை ஒன்றே தீர்மானிப்பதில்லை என்பது தெளிவாகின்றது. இனம், வர்க்கம், குடியுரிமை, பாலியல்பு ஆகியவை சந்திக்கும் இடத்துக்கேற்ப ஒரே சட்டம் ஒருவர்க்குக் கேடயமாகவும் மற்றவர்க்கு வாளாகவும் அமைகின்றது. ஆதலின், எந்தவொரு கொள்கையையும் அதன் நடுவில் நிற்கும் பெண்ணைக் கொண்டு அளவிடுதல் போதாது. விளிம்பில் நிற்பவரைக் கொண்டே அளவிடுதல் வேண்டும். வருகை அனுமதியில் வந்து லோரோங்கில் நிற்கும் பெண் அச்சமின்றிக் காவல் நிலையத்துக்குச் செல்ல முடியுமாயின், ஏனைய பெண்கள் அனைவரும் செல்ல முடியும். இதன் மறுதலை உண்மையன்று.

தமிழ் கற்பிப்போருக்கு இதனால் எழும் கடமைகள் எளியவை. முதலாவது, சொல்லைக் குறித்த கவனம். ‘விலைமகள்’ எனும் சொல் பெண்ணை விலைபொருளாக்கி, வாங்குபவனைச் சொல்லுக்கு வெளியே நிறுத்துகின்றது. ‘பாலியல் தொழிலாளர்’ எனும் சொல் செய்யும் தொழிலை மட்டும் சுட்டுகின்றது. ‘புலம்பெயர் தொழிலாளி’ என்றவுடன் ஆணையே எண்ணும் பழக்கமும் மாறுதல் வேண்டும். இரண்டாவது, வினாவைக் குறித்த கவனம். சங்கப் பாடலாயினும் மலேசிய, சிங்கப்பூர்ச் சிறுகதையாயினும், அதில் வரும் பெண் யார், அவருக்காக வீட்டுவேலை செய்பவர் யார், பனுவலில் பேச வாய்ப்புப் பெறாதவர் யார் என மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்பலாம். இவற்றுக்கு விடை தேடும் மாணவர், ‘தமிழ்ப்பெண்’ எனத் தொடங்கும் பொதுக்கட்டுரையை மீண்டும் அதே வகையில் எழுதுதல் அரிது.